ஆறாம் எண் மேல்கட்டில்

பத்து மணிக்கு டாஸ்மாக் மூடிவிடும் என்றேன்.
அதற்கப்புறம்? என்றான் யெய்சன்.
அதற்கப்புறம் கொசு.

கும்பகோணம் டார்மிட்டரி. எட்டுக் கட்டில்,
லாக்கர் சாவிக்கு ஐம்பது ரூபாய் முன்பணம்.
கொலம்பியாவில் அவன் ஊர்த் தெருவே சரிவாம்,
விடியவிடிய ஆட்டமாம்,
குடித்தவன் உருண்டே வீடு சேர்வானாம்.
இங்கே விழுந்தால்
விழுந்த இடம்தான்.

ஒன்றரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில்
ஜெகபரின் கொத்துப் பரோட்டாக் கல் மட்டும் விழித்திருந்தது.
தகடு இரண்டும் தட்டத் தட்ட
இவன் தோள் ஆடியது.
வேளாங்கண்ணி வண்டிக்குக் காத்திருந்த அம்மா முறைத்தார்.
கொஞ்ச நேரத்தில்
அவர் செருப்பும்.

திரும்பி வந்து மேல்கட்டிலில் ஏறியவன்
"உங்கள் ஜில்லாவில் இதுதான் உயரமா?" என்றான்.
ஆமாம், பார்த்துப் படு.

முன்பணம் வாங்காமலே போய்விட்டான்.
ஆறாம் எண் சாவி
எந்தச் சரிவில் உருளுகிறதோ.