ஏழு மில்லிமீட்டர்

பாகாவில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்
என் அறை எப்போதும் இருட்டு.
திரை தெரியத்தான்; வேறு மர்மம் ஒன்றும் இல்லை.
ஜெல்லைத் தடவினால் எல்லோரும் சொல்வது ஒன்றே:
"சில்லுன்னு இருக்கு."

லொம்போக்கிலிருந்து வந்த சுமியாத்தி மட்டும் சிரித்தாள்.
மணிக்கட்டின் மேல் ஒரு கோலிக்குண்டை வளர்த்திருந்தாள்.
திரையில் அது கரிய நீர்,
விளிம்பு சுத்தம், அடியில் வெளிச்சம்.
புற்றா என்று கண்ணால் கேட்டாள்.
ஆயர், ஆயர் சஹாஜா, என்றேன். வெறும் தண்ணீர்.

கையுறைத் தொழிற்சாலைக் கோமளவல்லிக்கு
இரவு இரண்டு மணிக்கு விரல்கள் மரத்துப்போகும்.
உதறிக்கொண்டே குசினிவரை நடப்பாளாம்.
குறுக்குவெட்டில் பார்த்தால் நரம்பு ஒரு தேன்கூடு.
அவளுடையது வாசலில் வீங்கி, உள்ளே போய் நசுங்கிக் கிடந்தது,
மூவர் இருக்கையில் நாலாவதாய்
ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்தவள் போல.

மீ கடை ஆ லானின் மோதிர விரல்
மடங்கும், நிமிராது.
நீட்டச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.
தடித்த வளையத்தில் முட்டி நின்ற தசைநாண்
டொக்கென்று தாண்டியது.
ஐயோ என்றார்.
அந்தச் சொல் இங்கே எல்லா மொழியிலும் உண்டு.

பத்துமலை வந்தது வியாழக்கிழமை,
கக்கத்தில் எக்ஸ்ரே உறை.
செம்பனைக் குலை தூக்கும் வலக்கை.
சுட்டுவிரல் அடியில் மூன்று மாத வீக்கம்.
முள் உள்ளே இருக்கு என்கிறார் அவர்.
எக்ஸ்ரே இல்லை என்கிறது.
எம்.சி.க்கு நடிக்கிறான் என்கிறார் மண்டோர்.

எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும்,
பனைமுள் தெரியாது.
கருவியைச் சாய்த்தேன். கொஞ்சம் திருப்பினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டது நான்தான், அவரல்ல.

சாம்பல் நார்களுக்கு நடுவே
ஒரு வெள்ளைக் கோடு.
அதைச் சுற்றிக் கருவளையம், கீழே மெலிந்த நிழல்.
நிறத்தைப் போட்டேன்;
ரத்தம் கூட்டம் கூடி நின்றது
சாலை விபத்தை வேடிக்கை பார்ப்பதுபோல்.
இந்த முனையில் ஒரு புள்ளி, அந்த முனையில் ஒரு புள்ளி.
ஏழு மில்லிமீட்டர்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அழுத்துவது வலிக்குதா என்று கேட்டேன்.
"அது கிடக்கு மிஸ்ஸி. இதை அச்சடிச்சுத் தருவீங்களா?
ஒண்ணு டாக்டருக்கு.
ஒண்ணு மண்டோருக்கு."

மூன்று எடுத்தேன்.
மூன்றாவது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காகிதத்தைக் கிழித்தபோது
என் கட்டைவிரல் அடியில் சுரீரென்றது.
நாலைந்து வருடம் இந்தக் கருவியைப் பிடித்த பிடி.
நோயின் பெயர் தெரியும்.
எந்த உறை தடித்திருக்கும், எங்கே நீர் கோத்திருக்கும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
பார்க்கவேண்டுமென்றால்
இடக்கையால் பிடிக்கவேண்டும்.

அதற்குள்
அடுத்தவர் கதவைத் தட்டிவிட்டார்.