ஒபிஹிரோவிலிருந்து ஒரு புகார்

தபால் அட்டையில் நாலே வரி:
"ஊதா என்று விற்றீர்கள்.
ஆறு வருடம் ஊதா.
இந்த ஜூனில் வெள்ளை.
குராமித்சு."

படகு, நாலு ரயில், நடுவில் ஒரு கப்பல்.
பையில் கத்தி, களைக்கொத்து,
துணியில் கட்டிய தொட்டிக்கன்று ஒன்று.
தைகோன் தீவில் முப்பத்தொரு செப்டம்பர்களாக
மரப் பியோனிக்கு ஒட்டுக் கட்டுகிறவள் நான்.
என் கை பொய் சொல்லாது என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

வேலியோரம் கைகட்டி நின்றார்.
செடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
வாத்துப்பாதம் போல் பிளந்த மங்கல் இலை
ஒன்றுகூட இல்லை.
எல்லாம் ஒல்லி, எல்லாம் எண்ணெய் பூசிய பச்சை.

மண்ணை விலக்கினேன்.
ஒரு சாண் கீழே இருக்க வேண்டிய ஒட்டு
இரண்டு விரல்கடையில் இருந்தது.
மேலாகவே நட்டுவிட்டீர்கள்,
ஊதா தனக்கென்று வேர் விடவே இல்லை,
கடைசிவரை இரவல் காலில் நின்றிருக்கிறது என்றேன்.
பக்கத்தில் சிவப்பு மூக்கோடு ஏதாவது முளைத்ததா?
"வருடா வருடம். தரையோடு வெட்டினேன்."
தரையோடு வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாய் வரும்.
பிறந்த இடம்வரை தோண்டி
வேரோடு ஒட்ட அரிந்திருக்க வேண்டும்.
போன பனிக்காலம் மைனஸ் முப்பது என்றார்.
காய்ந்த குச்சி கையோடு வந்தது,
என் நார்க்கட்டின் தழும்பு இன்னும் அதில்.

பாதி விலையை எண்ணி வைத்தேன்.
அவர் தொடவில்லை.
"இந்த வெள்ளைக்கு என்ன பெயர்?"

பெயரா.
கேரட் பருமன் வந்ததும் பிடுங்குவோம்,
தலையை அரிவோம், பிளப்போம், குச்சி சொருகுவோம்.
வருடம் நாலாயிரம் வேர்.
ஒன்றையும் பூக்க விட்டதில்லை.

கடைசியாய் ஒரு பூ மிச்சம் இருந்தது.
குனிந்தேன்.
ஒற்றை அடுக்கு, நடுவே மஞ்சள் தூள்,
எறும்பு ஒன்று அவசரமாக ஏறிக்கொண்டிருந்தது.
மணம் இருந்தது. அந்த ஊதாவுக்கு அது கிடையாது.

தொட்டிக்கன்றை அவர் கையில் கொடுத்தேன்:
ஒரு சாண் ஆழம், மறக்காதீர்கள்.
இதிலிருந்து பத்தடி தள்ளி.
"அப்போது இதை?"
கத்தியைத் துடைத்து மடக்கினேன்.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.
உள்ளே வந்து தேநீர் குடியுங்கள் என்றார்.
இங்கேயே தாருங்கள் என்றேன்.