நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு நங்கூரம்

பகலெல்லாம் நான் தூக்குவது
இருபது டன், முப்பது டன்.
க்டீனியா துறைமுகத்தில்
பளுதூக்கியின் கண்ணாடிக் கூண்டுக்குள்
காலுக்கடியில் கடலைப் பார்த்தபடி
பன்னிரண்டு ஆண்டுகள்.
ஒரு கொள்கலன்கூட என் பிடியிலிருந்து நழுவியதில்லை.

அந்தத் திமிரில்தான்
விரல் விறைக்கும் ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை
ஓர் இழுவைக் கப்பல் வாங்கினேன்.
நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு.
பெட்டி, ஒரு ரொட்டியைவிட லேசு.

"இதுதான் முதலா?" என்றார் கடைக்காரர் ஜெனோபியுஷ்.
பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.
விலையுயர்ந்த வண்ணத் தெளிப்பானை நான் எட்டிப் பார்க்க
அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.
"முதல் கப்பல் பாழாகட்டும். பிறகு வாங்க."
ஒரு வெட்டுக்குறடு,
ஒரு கத்தி, மாற்று அலகு ஐந்து,
மூடியிலேயே தூரிகை வைத்த, தண்ணீர் போன்ற பசை.
அவ்வளவுதான் விற்றார்.
"மீதியெல்லாம் உங்க வீட்டிலேயே இருக்கு."

இருந்தது.
நகம் தேய்க்கும் அரம்.
முதலுதவிப் பெட்டியில் சாமணம்.
காயும்வரை கவ்விப் பிடிக்கத் துணிக்கிளிப்புகள்.
வண்ணம் கலக்கத் தயிர்க் கிண்ணத்தின் மூடி.
வெட்டுப் பலகையைச் சமையலறையிலிருந்து எடுத்தேன்;
என் கப்பலில் இன்னும்
வெங்காய வாசனை.

சட்டத்திலிருந்து பாகத்தை
ஒரே வெட்டில் பறிக்கக் கூடாது.
தள்ளி ஒரு வெட்டு. பிறகு நெருங்கி ஒன்று.
இது எனக்குத் தெரிந்த வேலை:
கொள்கலன் தரைதொடும் கடைசி ஒரு மீட்டருக்கு
வேறு மூச்சு வேண்டும்.

தெரியாத வேலை, பசை.
அது ஒட்டுவதில்லை.
இரண்டு ஓரங்களையும் உருக்கி ஒன்றாக்குகிறது.
மனம் மாற அவகாசம், பத்து விநாடி.
(என்னையும் பவெவையும் சேர்த்தது
ஏதோ மலிவான பசை.
இழுத்ததும் வந்துவிட்டது.)
புகைக்கூண்டில்
என் கட்டைவிரல் ரேகை உருகிப் பதிந்தது.
உப்புத்தாளை எடுத்தேன், வைத்தேன்.
இருக்கட்டும்.
கட்டியவள் பெயர் எங்காவது இருக்க வேண்டும்.

பிறகு பாகம் எண் பதினான்கு.
நங்கூரம்.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
சாமணத்தை ஒரு மயிரிழை அதிகம் அழுத்தினேன்.
டிக்.
முப்பது டன்னை நழுவவிடாத கையிலிருந்து
ஒரு நங்கூரம் பறந்தது.

எண்சாண் உடம்பையும் கம்பளத்தில் கிடத்தித் தேடினேன்.
தூசி உறிஞ்சியின் வாயில் காலுறையைக் கட்டி
அறை முழுக்க உறிஞ்சினேன்.
கிடைத்தவை:
ஒரு பட்டாணி,
ஒரு காதணித் திருகு,
போன கிறிஸ்துமஸ் மரத்தின் ஊசியிலைகள்.
இரவு இரண்டு மணிக்கு
நங்கூரமில்லாத கப்பலும் கப்பல்தான் என்று
விளக்கை அணைத்தேன்.

மறுநாள் கூண்டில் உட்கார்ந்து
ஈரமான கால்சட்டை மடிப்பை உதறினேன்.
உள்ளங்கையில் விழுந்தது.
சாம்பல் நிறம். முனைகூட முறியவில்லை.
படிக்கட்டு, மின்தூக்கி, பனி, நாற்பது மீட்டர் —
எல்லாம் என்னோடு ஏறி வந்திருக்கிறது.

கீழே
நிஜமான இழுவைக் கப்பல் ஒன்று
பெரிய கப்பலை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது.
இங்கிருந்து பார்த்தால்
என் மேசையில் இருப்பதன் அளவேதான்.
ஒரு கண்ணை மூடி,
இரண்டு விரலுக்கிடையில் நங்கூரத்தைப் பிடித்து,
மெல்ல
அதன் முன்னணியத்தில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.

கம்பியில்லாக் கருவி கரகரத்தது.
"ஏன் நின்னுட்டே?" என்றான் கீழிருந்து லெஷெக்.
"நங்கூரம் போடறேன்."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

சனிக்கிழமை ஜெனோபியுஷிடம் கேட்க வேண்டும்:
சின்னப் பாகங்கள் போட்டுவைக்க
இறுக்கமான மூடியோடு ஒரு டப்பா.
வீட்டிலேயே இருக்கு என்பார்.