எட்டிப்பார்: பயன்பாட்டுக் குறிப்பு, நான்காம் வரைவு

திருநெல்வேலிச் சந்தியில் பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே போறணைச் சூடு, மேலே சேர்வர்ச் சூடு,
நடுவில் என் மேசை.

கஜீபன் எழுதின கருவிக்கு
எட்டிப்பார் என்று பெயர்.
வட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது,
எந்தக் கோப்புறைக்கு வயிறு பெருத்திருக்கிறது,
எதை எப்போது கடைசியாகத் திறந்தார்கள்,
பார்க்கும், சொல்லும். அவ்வளவுதான்.
கை வைக்கவில்லை அதற்கு.
அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

குறிப்பு எழுதுவது என் வேலை.
பதினாறு வருசம் மனிசருக்கு எழுதினவள்:
தண்ணீர் மோட்டர், தையல் மெசின்,
ஒருவரும் வாசிக்காத உத்தரவாதப் பத்திரங்கள்.
இதை வாசிக்கப் போவது ஒரு ஏஜென்ட்.
கொட்டாவி விடாது,
மூன்றாம் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டு
மச்சாளுக்குப் போன் எடுக்காது.
கடைசி வரி வரைக்கும் வாசித்து
எல்லாவற்றையும் நம்பும்.
அதுதான் பயம்.

முதல் வரைவில்
'தேவையில்லாததைக் கண்டுபிடிக்க உதவும்' என்று எழுதிவிட்டேன்.
சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசின் சேர்வர்,
அதன் நகலில் சோதித்தோம்.
பதினொரு ஆண்டாகத் தொடாத காணி உறுதிகள்,
நாற்பதாயிரம் பக்கம்,
அழிக்கலாம் என்று மிகப் பணிவாகப் பரிந்துரைத்தது.
நொத்தாரிசு அருமைநாயகம் சிரிக்கவில்லை.
"பிள்ளை, உறுதியை நாளாந்தம் திறந்து பாக்கிறவன்
ஒண்டு வழக்காளி, இல்லாட்டிக் கள்ளன்."

இரண்டாம் வரைவில் சேர்த்தேன்:
கடைசியாகத் திறந்த தேதி
தேவையின் அளவுகோல் அல்ல.

மூன்றாவது, ஐநோட் பற்றி.
பாதி வட்டு வெறுமையாய்க் கிடக்கும்,
இடமில்லை என்று சேர்வர் அடம்பிடிக்கும்.
பொடிப்பொடிக் கோப்புகள்
இலக்கங்களை எல்லாம் தின்று முடித்திருக்கும்.
'காணி இருக்கிறது, பதிய இலக்கம் இல்லை' என்று
ஆசையாய் ஓர் உவமை வைத்தேன்.
கஜீபன் வெட்டினான்.
"அது காணி வாங்க வெளிக்கிட்டிடும் அக்கா."

இன்று நான்காவது.
ஒரு பிரிவுதான் மிச்சம்: அழித்தும் குறையாத இடம்.

எழுதினேன்.
'கோப்பின் பெயரை நீக்கிய பின்னும்
ஏதாவதொரு செயல்முறை அதைத் திறந்து பிடித்திருக்கும் வரை
அது வட்டில் இருக்கும்.
பட்டியலில் தேடாதே, அங்கே இராது.
பிடித்திருப்பவர் யார் என்று பார்.'

என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான்.
திரும்பவும் மேலே போய் வாசித்தான்.
கரண்ட் நின்றது. யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்றது.
"யார் எண்டு வராது அக்கா. எது எண்டு போடுங்கோ."
சரியான திருத்தம். போட்டேன்.

அவன் வீட்டுக் குடும்ப அட்டையில் ஏழு பெயர்.
வங்கிக் கடனுக்கு நான்தான் படியெடுத்துக் கொடுத்தேன்.
வீட்டில் இருப்பது ஆறு பேர்.
மரணப் பத்திரம் எடுத்தால் காசு வரும் என்று
விளங்கப்படுத்த வந்தவர்களைத்
தாய் கேற்றடியிலேயே அனுப்பிவிட்டாவாம்.
இதை அவன் சொல்லவில்லை,
நான் கேட்டதுமில்லை.

'செயல்முறையை நிறுத்தினால் இடம் விடுபடும்.'
உண்மை. எழுதத்தான் வேண்டும்.
அடுத்த வரியை விரல் தானாக அடித்தது:
'நீயாக நிறுத்தாதே. உரிமையாளரிடம் கேள்.
பதில் வரும்வரை காத்திரு.'

"எவ்வளவு நேரம் எண்டு கேக்கும்," என்றான்.
கேட்கும். அதற்கு எண் வேண்டும்,
'கொஞ்சம்' விளங்காது, 'பொறு' விளங்காது.
முப்பது நிமிசம் போடவா?
ஒரு நாள்?

கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்துப்
பூச்சியம் அடித்தான்.

எட்டிப்பாரில் பூச்சியம் என்றால் எல்லையில்லை.
அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.
வாசிக்கப் போவதற்குத் தெரியாது.
காத்திருக்கவே வேண்டாம் என்று
எடுத்துக்கொண்டாலும் கொள்ளும்.

ஆகவே இன்னும் ஒரு வரி தேவை.
கீழே இரண்டாம் தட்டுப் பாண் இறக்குகிறார்கள்.
யூபிஎஸ்ஸில் ஒன்பது நிமிசம் இருக்கிறது.