பதினொன்று தசம் ஏழு

படிவத்தில் நாலாவது கேள்வி:
உடம்புக்குள் உலோகம் ஏதும் உண்டா?
சிரித்துவிட்டேன்.
சுகிர்தன் அண்ணா பேனையை நிமிர்த்தி,
"அந்த இரும்பில்லைத் தங்கச்சி.
கம்பி, தகடு, ஷெல் துண்டு."

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு
ஆரும் ஒருக்கால் யோசித்துத்தான் பதில் சொல்லுவினம்.
அம்மா யோசிக்கவில்லை.
இடது தோள்மூட்டைத் தொட்டா.
"அப்ப நீங்கள் மஞ்சள் கோட்டுக்கு அங்கால இருங்கோ."

நான் பிறக்க முதலே
அவவுக்குள் குடிவந்தது அது.
எடுத்தால் கை போகும் என்று விட்டுவிட்டார்கள்.

தோடு, கொண்டை ஊசி, சட்டைக் கொளுக்கி,
இரவில் வயிற்றில் குத்துகிற பம்ப்,
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில்.
தட்டு அம்மாவின் மடியில்.

மூன்று கிழமைக்கு இரண்டு பை.
சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா:
திகதி, பை இலக்கம், ஹீமோகுளோபின்.
இருபத்துநாலு வயதுக்கு
அறுநூறுக்குக் கிட்ட வருகிறது.
பையில் பேர் இருக்காது.
செத்துப்போன கோல்கீப்பரின் நினைவுநாளுக்கு
முகாம் வைத்த குருநகர்ப் பொடியளாய் இருக்கலாம்.
தேர் இழுத்த கையோடு
வேட்டி மாற்றாமல் வந்த ஆளாய் இருக்கலாம்.
ஆமிக் காம்பிலிருந்து பஸ்ஸில் வந்து
வரிசையாய்ப் படுத்தவர்களும்தான்.
அம்மாவின் தோளில் இருப்பதை அனுப்பியவனின் மகன்
எனக்குள் ஓடலாம்.
அதைக் கேட்பதில்லை என்று
நாங்கள் இருவரும் எப்போதோ முடிவெடுத்துவிட்டோம்,
பேசாமலே.

இரத்தம் தேய்ந்துபோகும்.
அது கொண்டுவந்த இரும்புக்கு
வெளியே போக வாசல் இல்லை.
முதலில் ஈரலில் ஒதுங்கும்.
அங்கே இடம் முடிய
இதயத்துக்கு ஏறும்.

"மூச்சை இழுங்கோ. விடுங்கோ.
அப்பிடியே பிடியுங்கோ."
தலைமாட்டில் லாண்ட்மாஸ்டர் ஒன்று
நகராமல் நின்று இரைகிறது.
நான் பஸ் ஏறுகிறேன்:
சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், தாவடி,
கொக்குவிலில் நெஞ்சு இறுகும்,
நாச்சிமார் கோயிலடியில் கண் இருட்டும்.
"மூச்சு விடலாம்."
திரும்பச் சுன்னாகம்.

இதயத்தின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர்.
இரும்பு இருந்தால்
படத்தில் அது கெதியாய் இருளும்.
எவ்வளவு கெதி என்பதுதான் கணக்கு,
மில்லி செக்கனில்.
இருபதுக்கு மேலே நிம்மதி.
பத்துக்குக் கீழே
டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுவார்.

போன வருசம் எட்டு தசம் நாலு.

ஏன் என்று எனக்குத் தெரியும்.
ஊசியைத் தலையணைக்குள் குத்திவிட்டு
நித்திரை கொண்ட இரவுகள்.
காலையில் சிரிஞ் காலி.
பஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது மருந்து.
அம்மா ஈர உறையைக் கழற்றித் தோய்த்துக்
கொடியில் போட்டா.
ஒரு சொல் சொல்லவில்லை.
ஃபெரிட்டின்கூட அப்போது பெரிதாய்க் காட்டிக்கொடுக்கவில்லை.
இந்தக் குழாய்தான் கண்டுபிடித்தது.

வெளியே வந்தபோது சுகிர்தன் அண்ணா
மெதுவாய்ச் சொன்னார்:
முதல் சத்தத்துக்கு அம்மா
கதிரையிலிருந்து நிலத்துக்குக் குனிந்துவிட்டாவாம்.
பிறகு தோடு விழுந்ததைத் தேடுகிற மாதிரிக்
கொஞ்ச நேரம் நிலத்தைத் தடவினாவாம்.
தோடு தட்டில்தான் இருந்தது.

ரிப்போர்ட் வர ஒன்பது நாள்.
துடிப்பு நல்லது:
ஒவ்வொரு அடிக்கும் நூற்றுக்கு அறுபத்தொன்று
வெளியே தள்ளுகிறது.
சுவர், பதினொன்று தசம் ஏழு.

"கூடிட்டுதோ?"
அம்மாவின் முகம் விழுந்தது.
எங்கள் வீட்டில் எந்த இலக்கம் கூடினாலும்
அது கெட்ட செய்தி.
"இது கூடினால் நல்லதம்மா."
"உண்மையாவோ?"
"உண்மையா."
"தலையணை மாதிரி இல்லையே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவ கொப்பியை எடுத்து எழுதினா,
பதினொன்று, தசத்தைக் கொஞ்சம் அழுத்தி, ஏழு.

அன்று ஸ்கானுக்குக் கழற்றிய தோடு
இன்னும் அவவின் கைப்பையில்.
வெளிவாசலில் நிறுத்தி
எனக்குப் போட்டுவிடப் பார்த்தா.
இடது கை அவ்வளவு உயராது.
குனிந்தேன்.