ஒரு மணி நேரம்

ஓல்டன் மண்டபம், ஒக்டோபர் கடைசி ஞாயிறு.
இரண்டு கமரா,
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு படங்கள்.
நிரூபன் தன் கமராவில் நேரம் மாற்ற மறந்துபோனான்.
அதற்கு இன்னும் கோடைகாலம்.

நேரப்படி அடுக்கு என்றேன் மென்பொருளிடம்.
அடுக்கியது:
பாயசம் வழித்துக் கைகழுவி வந்தவர்கள்
திரும்பவும் அட்சதை எறிகிறார்கள்;
தாலியோடு சிரித்த தர்சிகா
அடுத்த படத்தில் வெறுங்கழுத்தோடு
தலைகுனிந்து காத்திருக்கிறாள்.

சிரித்துக்கொண்டேதான்
அவன் கோப்புறையை முழுதாய்த் தெரிவுசெய்து
ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுத்தேன்.

11.42.
அவன் படத்தில் மூன்றாம் முடிச்சு,
கெட்டிமேளம், நூறு கை மேலே.
பக்கத்தில் என் படம், அதே 11.42:
பற்றரி எடுக்கக் காருக்குப் போனபோது
ஏனென்று தெரியாமல் அழுத்தியது.
ஊதாச் சேலை. தரிப்பிட மதில்.
கைக்குள் இறுக்கிய அட்சதை
மழையில் ஊறி
விரலிடுக்கால் மஞ்சளாய் வடிகிறது.

முகத்தைப் பெரிதாக்கித் தேடினேன்.
வேறெந்தப் படத்திலும் அவள் இல்லை.

'அல்பம்', 'வீட்டாருக்கு', 'கழிவு'.
மூன்றுக்கு மேலும் இழுத்துப் போனேன்,
விரலை விடவில்லை.
புதிதாய் ஒன்று திறந்தேன். பெயர் கேட்டது.
வெறுமையாகவே விட்டேன்.

மூன்று கிழமை கழித்து தர்சிகாவின் போன்.
அல்பம் வடிவாம். எல்லாருக்கும் பிடிச்சுதாம்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"அக்கா, வெளியில
மழைக்குள்ள எடுத்த படம்
ஏதும் இருக்கோ?"