வெள்ளைப் பின்னணி

வெள்ளவத்தையில், காலி வீதியில்,
மருந்துக்கடைக்கு மேல்மாடி எங்கள் ஸ்டூடியோ.
பின்யன்னலைத் திறந்தால் கூரைகள், தண்டவாளம்,
அதற்கப்பால் கடல்.

கமராவுக்கு நேர் பின்னால் சுவரில்
ஒரு பிரெஞ்சுப் பிள்ளை இருக்கிறாள்.
கோட்டையில் இருந்த கப்பல் கம்பனி ஒன்று
எண்பத்தேழில் அச்சடித்த கலண்டர்.
மாதத்தை முதலாளி வெட்டியெடுத்த பிறகும்
கீழே இரண்டு மூன்று இலக்கங்களின்
தலைகள் மிச்சம்.

விறகுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு
கல்லில் குந்தியிருக்கிறாள். பத்து வயதிருக்கும்.
சட்டை கிழிசல். கிழிசல்கூட வடிவு.
நூறு வருஷத்துக்கு மேலாய்
அழுவதற்கு அரை நிமிஷம் முந்தி
நிற்கிற கண்.
படம் எடுக்க வருகிறவர்களிடம்
"அவளைப் பாருங்கோ, அசையாதேங்கோ" என்பேன்.
இந்த ஊரில் பாதிப்பேருடைய பாஸ்போட்டில்
இருக்கிற பார்வை
அவளைப் பார்த்த பார்வைதான்.

என் வேலை அழிப்பது.
பருவை, அம்மைத் தழும்பை, நித்திரை இல்லாத கண்ணின் அடியை
மவுஸால் தடவித் தடவி
கலியாணப் புறோக்கருக்குக் கொடுக்கத்தக்கதாய் ஆக்குவது.
அதனால் அந்த ஓவியன் மேல் எனக்கொரு
தொழில் மரியாதை.
கன்னத்தில் தூரிகை போன தடமே இல்லை.
நெருங்கிப் பார்த்தால் அச்சுப் புள்ளி தெரியும்,
அவன் கை தெரியாது.
மூலையில் கையெழுத்து மட்டும், எறும்பு அளவில்.
அவளுடைய பேர் எங்கேயும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம்
தாயோடு வந்தாள் டிலோஜினி.
தகப்பன் லாச்சப்பலில் ஏழு வருஷம்.
இப்போதுதான் கடதாசி சரிவந்திருக்கிறது.
மூன்றரைக்கு நாலரை சென்ரிமீற்றர்,
காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது.
தாய் கேட்டாள்:
"புருவத்துக்கு மேலே அந்த வெட்டை எடுத்துவிடேலுமோ?"
ஏலாது அக்கா.
உள்ளதை உள்ளபடிதான் அங்கே கேட்பார்கள்.
சொன்னபிறகுதான் யோசித்தேன்
அங்கே என்று நான் சொன்ன இடம் எது என்று.

கதிரையில் ஏறினாள். கால் நிலத்துக்கு எட்டவில்லை.
அவளைப் பார், அசையாதே.
பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.
"அன்ரி, இவ விறகு பொறுக்கினவவோ?"
"ஓம்."
"அப்ப கால் ஏன் இவ்வளவு துப்பரவு?"

இருபத்திரண்டு வருஷம்
அந்தப் படத்துக்குக் கீழே இருந்து
தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.
கழுவித் துடைத்த பாதம்.
நகத்தில் கறுப்பில்லை, விரலிடுக்கில் மண்ணில்லை,
ஒரு முள் கீறினதில்லை.
யாரோ வாளியில் தண்ணி கொண்டுவந்து
முதலில் காலைக் கழுவு என்றிருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் அவன்தான்,
மவுஸ் இல்லாத காலத்து என் கூட்டாளி.
எத்தனை மணித்தியாலம் குந்தியிருந்தாளோ
கட்டின் பாரத்தில் தொடை மரத்துப்போய்.
கண்ணில் நிற்பது அழுகைதானோ,
இல்லை, விறைப்போ, பசியோ,
காசு இண்டைக்கே தருவானோ என்ற கணக்கோ.

அந்த நேரம் பாணந்துறைக் கோச்சி போனது.
மாடி அதிர்ந்து, சட்டகம் ஆடி,
பிள்ளை சிரித்துவிட்டாள்.
என் விரல் அழுத்தியது அழுத்தியதுதான்.
மேல்வரிசையில் பல் விழுந்த இடம்,
புருவத்து வெட்டு, நெற்றியில் பவுடர் திட்டு.
செல்லாத படம்.

அடுத்ததில் வாயை மூடினாள். அதைக் கொடுத்தேன்.
எட்டுப் பிரதி, அறுநூறு ரூபாய்.
பில் புத்தகத்தில் அவள் பேரை
ஒவ்வொரு எழுத்தாய்த் தாயிடம் கேட்டு எழுதினேன்.
செல்லாததை இன்னும் அழிக்கவில்லை.

பூட்டப் போகையில் சட்டகம் சரிந்தே கிடந்தது.
நிமிர்த்த என்று கதிரையில் ஏறியவள்
அந்தக் கால்களுக்கு நேரே முகம் வைத்தபடி
நின்றுவிட்டேன்.
கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் கத்தினார்:
மோட்டரை நிற்பாட்டு பிள்ளை,
தண்ணி வழியுது.